திருஷ்டிப் பொட்டின் அளவு

தக்காளி நாற்று மண்ணை விட்டு வெளியே வரும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் வரும். மாமனார் வீட்டுக்குள் முதல் தடவை நுழைகிற மாப்பிள்ளை மாதிரி, வளைந்த கழுத்து மட்டும் முதலில் தெரியும். பிறகு கழுத்து மெல்ல நிமிரும். விதைத்தோல் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உதறிவிட்டு இரண்டு சின்ன இலைகளும் விரியும். காலையில் பார்த்தால் வெறும் மண், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பச்சை. நடுவில் நடந்ததை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. நான் பார்த்திருக்கிறேன். அதுதான் என் வேலை.

பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே, சித்தேரி மலை தெரிகிற பக்கம், ஒரு நாற்றுப் பண்ணை. நிழல்வலைக் குடிலுக்குள் குழித்தட்டுகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு குழியிலும் தேங்காய் நார்த்தூள், அதற்குள் ஒரு விதை. தட்டுகளுக்கு மேலே தண்டவாளம் மாதிரி ஒரு கம்பி. அதில் ஒரு கேமரா அரை மணிக்கு ஒரு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊர்ந்து போய்ப் படம் எடுத்துவிட்டுத் திரும்பும். படத்திலிருக்கும் பச்சையை மட்டும் கம்ப்யூட்டர் பிரித்தெடுத்து, இலை எவ்வளவு விரிந்தது, நேற்றைக்கு இன்று எவ்வளவு கூடியது என்று கணக்குப் பார்த்துக் கோடு போட்டுக் காட்டும். எந்த விதை சுறுசுறுப்பு, எது சோம்பேறி என்று விதைக் கம்பெனிக்காரர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டும். அந்தக் கேமராவைக் கட்டி மேய்ப்பது நான்.

முளைக்கிற ஒரு விதைகூடக் கேமராவுக்குத் தப்பாது. எனக்கோ என் ஒரே மகள் வளர்ந்தது மொத்தமாகத் தப்பிவிட்டது. அவள் குப்புற விழுந்ததை நான் பார்க்கவில்லை. முதல் பல் எட்டிப் பார்த்ததும், கொழுக்கட்டை செய்து தலையில் கொட்டியதும் போனில் வந்த படங்கள்தான். தவழ ஆரம்பித்தபோது நான் அரூரில் கேமராவின் பழுதான மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி செவிலியர். பல வருடம் காத்திருந்த அரசு வேலைக்கான ஆணை, மகள் பிறந்து கொஞ்ச நாளில் வந்தது. இடம், இராமநாதபுரம் பக்கம் கடலோரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள், கேட்கவும் கூடாது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, துணைக்குத் தன் சித்தியை அழைத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போயிருக்கலாமே என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு தடவை கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது நாற்றும் கேமராவும். அந்த உப்புமண்ணில் நாற்றுப் பண்ணைக்கு நான் எங்கே போவது? இடமாறுதல் கலந்தாய்வு வரும், வந்துவிடுவாள் என்று இருந்தோம். கலந்தாய்வு வந்தது, போனது, அவள் பெயர் எட்டும் முன்பே தர்மபுரி இடங்கள் தீர்ந்துபோயின.

இங்கிருந்து அங்கே போய்வர ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். பண்ணையில் விதை போட்டுவிட்டால் நாற்று வெளியே போகும்வரை நகர முடியாது. மின்சாரம் கண் சிமிட்டினாலும் கேமரா நடுவழியில் படுத்துக்கொள்ளும், அதை எழுப்ப என்னை விட்டால் ஆள் இல்லை. ஆகவே போன்தான். தினமும் காலையில் டூட்டிக்குக் கிளம்பும் முன் ஒரு படம் அனுப்புவாள். சாயங்காலம் வீடியோ கால். மகள் திரையைப் பார்த்துச் சிரிப்பாள், திரையை நக்குவாள், பிறகு படம் முழுக்க மூக்குத் துளையாகிவிடும்.

எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. நேரில் போய் நிற்கும்போது அவள் என்னிடம் வருவாளா? வராவிட்டால்?

அந்தப் பயம் இன்னொரு விதமாகவும் வரும். போனில் பார்க்கிற பிள்ளை எத்தனை பெரியவள் என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் குடிலில் ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் ஒரு வெள்ளை அட்டை செருகியிருக்கும். அதில் ஒரு கறுப்பு வட்டம். வட்டத்தின் அகலம் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதை வைத்துத்தான் மற்றதையெல்லாம் அளக்கும். அட்டை இல்லாத படத்தில் இருப்பது ஒரு நாள் நாற்றா, காய்க்கிற செடியா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. என் மகளின் படங்களில் அட்டை இல்லை. போன மாதமும் அவள் முகம் என் உள்ளங்கைக்குள் அடங்கியது, இந்த மாதமும் அடங்குகிறது. மனைவி எடை சொல்வாள், நீளம் சொல்வாள். செவிலியர் அல்லவா, சரியாகத்தான் சொல்வாள். அந்த எண்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தூக்கிப் பார்க்காத கைக்கு எடை எப்படிப் புரியும்?

கார்த்திகைக் கடைசி மழையில் குடிலுக்குள் ஈரம் ஏறி, மூன்றாவது வரிசையில் நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய ஆரம்பித்தன. மருந்து ஊற்றினோம். சாய்ந்தவை போக மீதி பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால், மூன்றாவது வரிசையின் கோடு குடிலின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. மற்ற வரிசைகள் வழக்கம்போல. செத்துப் பிழைத்த இந்த வரிசை மட்டும் ஒரே நாளில் இரண்டு மடங்கு.

பண்ணைக்காரர் எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டார். அவர் போனிலும் அந்தக் கோடு தெரியும்.

"தம்பி, அழுகிப்போன வரிசையா இது? கம்பெனிக்காரங்களுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டன். நேர்ல வந்து பாக்கறம்னு சொல்றாங்க."

"அண்ணா, கொஞ்சம் பொறுங்கண்ணா. நான் போய்ப் பாத்துட்டு வந்துடறன்."

போய்ப் பார்த்தால் நாற்றுகள் நேற்றைப் போலவே, காய்ச்சலில் கிடந்து எழுந்த முகத்தோடு நிற்கின்றன. எதுவும் இரண்டு மடங்கு ஆகவில்லை. திரும்பி வந்து படத்தைப் பெரிதாக்கினேன். வெள்ளை அட்டையின் மேல் மூலையில், எங்கள் கறுப்பு வட்டத்தைவிடச் சிறியதாக இன்னொரு கறுப்பு வட்டம் இருந்தது. கம்ப்யூட்டர் மேலேயிருந்து தேடிக்கொண்டு வரும். முதலில் தட்டுப்பட்டதைத் தன் வட்டம் என்று நினைத்துவிட்டது. அளவுகோல் சுருங்கிவிட்டதால் நாற்றெல்லாம் அதற்குப் பெரிதாகிவிட்டன.

தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டியது. கண் மை.

தண்ணீர் ஊற்றித் தட்டுகளைப் பார்த்துக்கொள்கிற அக்கா அடுத்த வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வாய் ஓயாத மனுஷி. பண்ணையில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பார், எனக்கு வைத்ததை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

"அக்கா, இந்த அட்டையில யாரு மை வெச்சது?"

"அதுங்களா தம்பி? நாந்தான் வெச்சன்."

"எதுக்குக்கா?"

"பின்ன என்னாங்க? அரை மணிக்கொருக்கா மேல வந்து வந்து உத்து உத்துப் பாத்துட்டுப் போவுது. பெத்த புள்ளயக்கூட யாரும் அப்பிடிப் பாக்கமாட்டாங்க. கண்ணு பட்டுத்தான் இந்த வரிசை சாஞ்சிருச்சு. நாத்து மேல வெச்சா கருகிடும்னு அட்டையில வெச்சன்."

"அக்கா, அது கேமராக்கா."

"கேமராவா இருந்தா என்னாங்க, கண்ணுதான? நாத்து வளந்துதா இல்லீங்களா, அதச் சொல்லுங்க."

"கம்ப்யூட்டர்ல வளந்துச்சு."

"அப்பறம் என்னாங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பண்ணைக்காரர் கம்பெனிக்கு மறுபடியும் போன் செய்து, வரவேண்டாம் என்று சொல்லப் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மழையின் மேல் பழியைப் போட்டார். அட்டையைத் துடைத்துவிட்டு, மை பட்ட படங்களைக் கணக்கிலிருந்து எடுத்து ஒதுக்கினேன். அளவு பிசகிய படத்தைக் கணக்கில் வைத்திருக்கக்கூடாது என்பது இந்த வேலையின் முதல் பாடம்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா விடவில்லை.

"நீங்களும் அந்தக் கேமரா மாதிரிதான் தம்பி. எந்நேரமும் பாப்பாவப் போன்லயே பாத்துட்டுக் கெடக்கறீங்க. வூட்ல பொட்டு கிட்டு வெக்கறாங்களா இல்லீங்களா? கேளுங்க."

கேட்கத் தேவையில்லை. அன்றைய படத்தை எடுத்துக் காட்டினேன். இடது கன்னத்தில் கறுப்பாக, உருண்டையாக ஒரு பொட்டு. அதற்கு முந்தின நாள் படத்திலும் இருந்தது. விரலால் தள்ளித் தள்ளிப் பின்னோக்கிப் போனேன். எல்லாப் படத்திலும் இருந்தது. மனைவி தினமும் டூட்டிக்குக் கிளம்பும் முன் மோதிர விரலை மையில் தொட்டு அந்த இடத்தில் வைப்பாள், வைத்த கையோடு படம் எடுப்பாள். இத்தனை மாதமாக நான் பார்த்தது கண்ணை, வாயை, புதிதாக முளைத்த பல்லை. பொட்டைப் பார்த்ததே இல்லை.

வெள்ளை அட்டையில் கறுப்பு வட்டம் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்றிலிருந்து மத்தியான இடைவேளையில் ஒரு திருட்டு வேலை ஆரம்பித்தேன். மகள் நேராகப் பார்க்கிற படங்களை மட்டும் பொறுக்கிக் கம்ப்யூட்டரில் போட்டேன். அதற்குப் பச்சையைத்தான் தெரியும், பிள்ளையைத் தெரியாது. அதனால் முகத்தின் ஓரத்தை நானே மவுஸால் வரைந்து கொடுத்தேன். பொட்டைக் காட்டி, இதுதான் உன் வட்டம், இதை வைத்து அள என்றேன். அளந்தது. புள்ளி வைத்தது. புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டது.

இதெல்லாம் ஒரு கணக்கா என்று கேட்டால், இல்லைதான். விரல் ஒரு நாள் அழுந்தும், ஒரு நாள் மேலோட்டமாகப் படும். மை ஒரு நாள் ஈரம், ஒரு நாள் வறட்சி. கோடு நொண்டிக்கொண்டுதான் போனது. ஆனால் மேலே போனது. முதல் மாதப் படத்தில் பொட்டு பாதிக் கன்னத்தை அடைத்திருந்தது. இப்போது அதைச் சுற்றிக் கன்னம் தாராளமாகக் கிடந்தது. பொட்டு அதே பொட்டுதான், பிள்ளை அதை விட்டு விலகி விலகி வளர்ந்துகொண்டிருந்தாள். அவள் வளர்வதை முதல் தடவையாக நான் கண்ணால் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, இவ்வளவும் நான் இல்லாமல் நடந்துவிட்டதே என்றும் இருந்தது.

ஒரு நாள் ஓரம் சரியாக வரவேண்டும் என்று பொட்டை ரொம்பப் பெரிதாக்கினேன். மைக்குள் கோடுகள் தெரிந்தன, வளைந்து வளைந்து. என் மனைவியின் விரல்ரேகை. கல்யாணமான புதிதில் அரூர் பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே கம்பியைப் பிடித்திருந்த என் கை மேல் யாருக்கும் தெரியாமல் பட்டுக்கொண்டிருந்த விரல் அது. அதைத் திரை முழுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மனைவியிடம் ரொம்ப நாள் மறைக்க முடியவில்லை. நேராகப் பார்க்கிற மாதிரி எடு, இரண்டு காதும் தெரியட்டும் என்று தினமும் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"என்னா மாமா, பாப்பாவ நாத்துன்னு நெனச்சிக்கிட்டீங்களா?"

"சும்மாதான்."

"வளர்ற புள்ளயத் தெனம் அளந்தா வளராதுன்னு சித்தி திட்டுது."

"நீ உங்க ஆஸ்பத்திரியில தெனமும் அளக்கறியே, அதுங்கல்லாம் வளரலயா?"

"அது ஊர்ப் புள்ளைங்க" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நேர்ல வந்து அளங்க மாமா" என்றாள். அவள் அப்படிக் கேட்கிறவள் இல்லை.

தை பிறந்து, மூன்றாவது வரிசை உட்பட எல்லா நாற்றும் வண்டியேறியபின் லீவு கேட்டேன். பண்ணைக்காரர், தட்டெல்லாம் கழுவிக் காயட்டும், அதுவரை போய்வா என்றார். அரூரில் ஏறி, சேலத்தில் மாறி, மதுரையில் மாறி, விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். உப்புக்காற்று. சின்ன வீடு. வாசலில் மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மகள் என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

எத்தனையோ தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்ததுதான், ஆனாலும் தாங்கவில்லை. பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன்.

"அப்பாடீ இது. அப்பா பாரு. அப்பா எங்க?" என்று மனைவி கேட்டாள். மகள் அழுகையை நிறுத்திவிட்டு, அலமாரியில் இருந்த போனைக் கை காட்டினாள்.

சித்தி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அவளை அளவு தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்த மாதிரியே அவளும் என்னைப் பார்த்திருக்கிறாள். அவளுடைய அப்பா உள்ளங்கை அகலம்தான். கதவு உயரத்துக்கு, பஸ் புழுதியோடு வந்து நிற்கிற இந்த ஆள் யாரோ.

"வெளிய போயி போன் பண்ணுங்க" என்றாள் மனைவி. தெருவுக்குப் போய் வீடியோ கால் செய்தேன். மகள் திரையில் வந்தாள், சிரித்தாள், வழக்கம்போல நக்கினாள். பேசிக்கொண்டே மெல்ல உள்ளே நடந்து வந்தேன். போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் போனைப் பார்த்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் வாயசைப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. அன்று முழுக்க என்னை ஓரக்கண்ணால் கண்காணித்தாளே தவிர, கை நீட்டினால் விலகிப் போனாள். பக்கத்திலேயே இருந்தும் தொட முடியாமல் இருப்பது, தூரத்தில் இருப்பதைவிடக் கொடுமையாக இருந்தது.

மறுநாள் காலை மனைவி டூட்டிக்குப் பறந்துகொண்டிருந்தாள். தலையில் ஒரு ஹேர்பின், வாயில் ஒரு ஹேர்பின். மை டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

"இன்னிக்கி நீங்க வெச்சு வுடுங்க."

"அழுவா."

"வெச்சுப் பாருங்க."

மகள் பாயில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். டப்பாவைப் பார்த்ததும் அவள் அழவில்லை. தினமும் செய்கிற காரியம் என்பதால், யார் விரல் என்று பார்க்காமல், இடது கன்னத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு காட்டினாள். அந்தக் கன்னத்தை நான் எத்தனை தடவை மவுஸால் சுற்றி வரைந்திருப்பேன். விரலை மையில் தொட்டேன். வைத்தேன். சூடாக, மெத்தென்று இருந்தது. தட்டு தூக்கித் தூக்கித் தடித்துப்போன விரல்; பொட்டு எட்டணா அகலத்துக்கு அப்பிக்கொண்டது.

"ஐயோ, இது பொட்டா, தோசைக்கல்லா?" என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள். மகள் கண்ணைத் திறந்து, மை ஒட்டிய என் விரலைப் பிடித்து ஆராய்ந்தாள். வாயில் வைக்கப் பார்த்தாள். நான் கையை இழுக்க, விரலை விடாமல் கூடவே வந்தாள், வந்தவள் என் மடியில் விழுந்தாள். எழுந்து போகவில்லை. அவள் கன்னத்து மை என் சட்டை முழுக்க ஆனது. அவள் கனம் எவ்வளவு என்று என் தொடைக்குத் தெரிந்தது.

தட்டுகள் காய்ந்ததும் திரும்பிவிட்டேன். பஸ் ஏறும்போது அவள் அழுதாள். இந்தத் தடவை நான் போகிறேன் என்று.

பண்ணையில் புது விதை போட்டாயிற்று. மத்தியானம், விட்ட இடத்திலிருந்து மகளின் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டேன். மனைவி வைத்த பொட்டுகளுக்கெல்லாம் கோடு வழக்கம்போல நொண்டிக்கொண்டு மேலே ஏறியது. நான் பொட்டு வைத்த அந்த ஒரு நாளில் மட்டும் புள்ளி தடாலென்று பள்ளத்தில் கிடந்தது. பொட்டு பெரிது, கம்ப்யூட்டருக்குப் பொட்டெல்லாம் ஒரே அளவு, அதனால் பிள்ளையைச் சிறியதாக்கிவிட்டது. எந்த அளவு என்று பார்த்தேன். மனைவி அவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போன நாட்களில் எடுத்த படங்களின் அளவு. மறுநாள் மறுபடி மனைவியின் விரல். கோடு ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே போயிருந்தது.

அளவு பிசகிய படம். ஒதுக்க வேண்டியது. கை பழக்கத்தில் மவுஸ் அந்தப் புள்ளிக்குப் போய்விட்டது. பிறகு அங்கேயே நின்றது.

பின்னால் அக்கா வந்து நின்றார்.

"பாப்பா நல்லா வளந்துட்டாளா தம்பி?"

நான் திரையில் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லக்கா" என்றேன். "நான் பொட்டு வெச்ச அன்னிக்கி, இங்கருந்து போனப்ப இருந்த அதே சைஸ்லதான் இருந்தா."